கரிச்சட்டியின் பச்சை இலை

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முட்டி மட்டும் குனியும்போதெல்லாம் முணுமுணுக்கிறது, குனியாமல் என் பிழைப்பு நடக்காது. உன் தலைவலி எப்படி? ஊருக்கெல்லாம் கண் சோதித்துக் கண்ணாடி மாட்டிவிடுகிறவள் உன் கண்ணாடியை மட்டும் மாற்றாமல் இருக்காதே.

எங்கள் நர்சரி லாரி டிரைவர் இந்தக் கடிதத்தோடு ஆறு தொட்டிகளை இறக்குவார். அவருக்கு ஒரு டீ கொடு. வழியெல்லாம் மெதுவாக ஓட்டச் சொல்லி அவர் உயிரை வாங்கியிருக்கிறேன்.

இதுதான் அது அக்கா. ஏழு வருஷமாக விதை போட்டு, முளைத்ததைப் பார்த்து, பிடிக்காததைப் பிடுங்கி எறிந்து, கடைசியில் நின்ற ஒற்றைச் செடியின் பிள்ளைகள். தாய்ச்செடிக்குச் செம்பு நிற இலை, ஒரு மழைக்கே படுத்துவிடும். தகப்பன் செடி முரடு, எதற்கும் சாகாது, பார்க்க அழுக்குத் துணி மாதிரி இருக்கும். இரண்டுக்கும் இப்படி ஒரு கறுப்பு பிறக்கும் என்று நானே நினைக்கவில்லை. ஓரத்தில் மட்டும் செம்புக் கோடு. இங்கே எல்லாரும் கரிச்சட்டி என்கிறார்கள். கேலிக்கு வைத்த பேர், எனக்குப் பிடித்துப்போய்விட்டது. வருஷா வருஷம் தூரிலிருந்தே தழைத்து வரும், தூரைப் பிரித்து நட்டால் அத்தனையும் அதே நிறம்.

ஆகஸ்டில் பெரிய செடிக் கம்பெனியிலிருந்து தேர்வாளர் வருகிறார். அவர் கேட்பது ஒன்றுதான். வேறு ஊரில், வேறு தண்ணீரில், என் கை படாமல் இந்த நிறம் நிற்கிறதா? நின்றால் செடி ஊர் ஊராகப் போகும். நிற்காவிட்டால் முதலாளியம்மா என் பின்பாத்திகளை ரோஜாவுக்கு எடுத்துக்கொள்வார். "இதாண்டி கடைசி வருஷம், அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதே" என்று சொல்லிவிட்டார்.

அதனால் கவனமாகக் கேள். தொட்டியை விட்டு மாற்றாதே. உங்கள் முற்றத்தில் கிழக்குச் சுவர் ஓரம், நல்ல வெயிலில் வை. மேல்மண் காய்ந்தால் தண்ணீர். உரம் கிரம் எதுவும் வேண்டாம். மாதம் ஒரு புது இலையை ஈரப் பஞ்சில் சுற்றி அனுப்பு. பெயிண்ட் கடை நிற அட்டை இரண்டு வாங்கினேன், ஒன்று உனக்கு. இப்போது இலை 'கத்தரிக் கறுப்பு'. உன் கண்ணை நம்பித்தான் அனுப்புகிறேன். என் கண்ணை ஆசை மறைக்கும், உனக்கு அந்த வியாதி கிடையாது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சீக்கிரம் எழுது. அத்தானைக் கேட்டதாகச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

சுண்டு


பிப்ரவரி 20

அன்புள்ள சுண்டுவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். தலைவலி இருக்கிறது, பழகின விருந்தாளி மாதிரி வந்து போகிறது. முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நீ கொடுக்கமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

ஆறு தொட்டியும் பத்திரமாக வந்தன. டிரைவர் ஒவ்வொன்றையும் பச்சைக் குழந்தை மாதிரி இறக்கினார். "கீழ போட்டா அந்தம்மா என்னைக் கீழ போட்ரும்க்கா" என்றார். கிழக்குச் சுவர் ஓரம் வரிசையாக வைத்திருக்கிறேன். வெயில் பட்டால் ஓரத்துச் செம்புக் கோடு மினுங்குகிறது. எனக்குச் செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது சுண்டு, ஆனால் காலையில் கடைக்குக் கிளம்புமுன் அங்கே கொஞ்ச நேரம் நிற்கிறேன். இலை வைத்திருக்கிறேன். கத்தரிக் கறுப்பேதான், சந்தேகமே இல்லை.

உன் அத்தான் பார்த்துவிட்டு, "வாடின கீரையை யாரு லாரில அனுப்புவா?" என்றார். சீட்டாட வந்த சிநேகிதர்களுக்கு உன் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டினார். கரிச்சட்டி என்ற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இனிமேல் கடை விலாசத்துக்கே எழுது. அங்கே தபால் காலையிலேயே வந்துவிடும். விலாசத்தைத் தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

நேற்று ஒரு பெரியவர் கண் சோதிக்க வந்தார். பலகையில் கடைசி வரி தெரிகிறதா என்று கேட்டேன். "தெரியுதும்மா, ஆனா படிக்க இஷ்டமில்லை" என்றார். உன் ஞாபகம் வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டி அப்படியேதான், ஒத்தடம் கொடுக்கவில்லை. உன் தலைவலி விருந்தாளியை வாசலோடு அனுப்பு.

இலையைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அட்டையில் வைத்து, வெயிலில் வைத்து, மருந்து தெளிக்கிறவரைக் கூப்பிட்டுக் காட்டி, முதலாளியம்மா மேஜையில் கொண்டுபோய் வைத்து, "இப்ப என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன். "ஒரு இலைக்கு இவ்வளவு ஆட்டமா?" என்றார். என்றாலும் எடுத்துப் பார்த்தார். பார்த்ததை நான் பார்த்தேன்.

கடை விலாசச் சீட்டை எங்கேயோ தொலைத்துவிட்டேன். உறையோடு சேர்த்துக் குப்பைக் குழியில் போட்டேனோ என்னவோ. வீட்டுக்கே அனுப்புகிறேன், ஒன்றும் ஆகிவிடாது.

அத்தானிடம் சொல், வாடின கீரைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாதவருக்குக் கண்ணாடி நம்பர் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் கடையிலேயே ஒரு நல்ல கண்ணாடியாகப் போட்டுவிடு. அப்புறமும் தெரியாவிட்டால் கோளாறு கண்ணில் இல்லை.

இருமல் இருக்கிறதா என்று கேட்க மறந்தேன். இருந்தால் பச்சைத் தண்ணீர் குடிக்காதே. ஏப்ரல் இலையை மறந்துவிடாதே.

சுண்டு


ஏப்ரல் 22

அன்புள்ள சுண்டுவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். பதில் தாமதம்தான், கடையில் ஆள் குறைவு.

ஒரு செடி போய்விட்டது. பக்கத்து வீட்டு நாய் தோண்டிவிட்டது. மற்ற ஐந்தும் உயிரோடு இருக்கின்றன, தண்ணீர் நீ சொன்னபடிதான் ஊற்றுகிறேன். இலை இதோடு இருக்கிறது.

கடை விலாசத்தை மேலே பெரிதாக எழுதியிருக்கிறேன். இனி அதற்கு மட்டும் எழுது. வீட்டுக்கு எழுதாதே, போனும் செய்யாதே. கடையில்தான் நாள் முழுக்க இருக்கிறேன்.

உடம்பைக் கவனி.

அக்கா


ஏப்ரல் 28

அக்கா,

சுகம் விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். நீ அனுப்பிய இலையைப் பிரித்ததும் நிற அட்டையைத் தேடி ஓடினேன். இது கத்தரிக் கறுப்பு இல்லை. அட்டையில் கீழ்வரிசைக்கு வந்து, 'பாசிப் பச்சை'க்குப் பக்கத்தில் நிற்கிறது. நரம்பில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. உன் கண்ணுக்கு இது தெரியாமல் போகாது.

வெயில் எத்தனை நேரம் விழுகிறது? இடம் மாற்றினாயா? கொஞ்சம் நிழல் பட்டால் மங்கும், அது எனக்குத் தெரியும், இங்கேயே பந்தல் அடியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த அளவுக்குப் போனதில்லை. குழாய்த் தண்ணீரா, கிணற்றுத் தண்ணீரா? அத்தான் ஆசைப்பட்டு ஏதாவது உரம் போட்டாரா? போட்டிருந்தால் சொல், நான் கோபப்படமாட்டேன். சரி, படுவேன், அப்புறம் அடங்கிவிடுவேன்.

நிஜத்தைச் சொல்லிவிடு. எனக்கு அது போதும். நேற்றிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. ஒட்டுக்கட்டுகிற கத்தியால் விரலைக் கீறிக்கொண்டேன், ஆழமில்லை. உன் தலைவலியை எழுது. நாய் வருகிற பக்கம் ஏதாவது அடைத்து வை.

சுண்டு


மே 17

அன்புள்ள சுண்டுவுக்கு,

விரல் ஆறியதா? மண்ணில் கை வைக்கிறவள், ஊசி போட்டுக்கொள். எனக்கு ஒன்றும் இல்லை.

நீ கேட்டவற்றுக்குப் பதில். அதே இடம், அதே முற்றம், அதே கிழக்குச் சுவர். வெயில் முன்போலவே விழுகிறது. குழாய்த் தண்ணீர்தான். உரம் யாரும் போடவில்லை. நீ சொன்னதில் எதையும் மாற்றவில்லை. இலை வைத்திருக்கிறேன். பச்சையாகத்தான் இருக்கிறது, நானும் பார்த்தேன்.

கடையில் புதுக் கண்ணாடிச் சட்டங்கள் வந்திருக்கின்றன. கறுப்புச் சட்டம் மாட்டிக்கொண்ட ஒரு பெண் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இது நான்தானா?" என்று கேட்டாள். "பழகிடும்" என்றேன். வாங்கிக்கொண்டு போனாள்.

ரொம்ப அலட்டிக்கொள்ளாதே. நேரத்துக்குத் தூங்கு.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்கு இருக்கிறது, அதற்கு மருந்து எங்கள் மருந்துக்காரரிடம் இல்லை.

முடித்துவிட்டேன். கம்பெனிக்கு எழுதிவிட்டேன், வரவேண்டாம் என்று. அதே வெயில், அதே தண்ணீர், அதே மண், ஆனாலும் உன் முற்றத்தில் செடி பச்சையாகிறது என்றால் குறை செடியில்தான். என் கண்முன்னால் மட்டும் கறுப்பாக நிற்கிற செடி யாருக்கு வேண்டும்? நாளைக்கு யாரோ ஒருத்தர் ஆசையாக வாங்கிக்கொண்டு போய் நட்டு, பச்சைத் தழையைப் பார்த்துக்கொண்டு நிற்கவா? முதலாளியம்மா, "எழுதாம இருந்திருக்கலாமே, வந்து பாத்துட்டுப் போகட்டும், இங்க கறுப்பாத்தானே இருக்கு?" என்றார். பூசி மெழுக எனக்கு வராது. உன் கண்ணைப் பொய் என்று சொல்லி என் செடியை விற்க முடியாது.

பாத்தியைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். பிடுங்கும்போது வேர் சத்தம் போடுகிறது அக்கா, உனக்குத் தெரியாது. இன்றைக்கு இரண்டு வரிசை பிடுங்கிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். உட்காரவும் முடியவில்லை, எழுந்து மறுபடி வந்து பாத்தியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. உன் கடிதங்களைப் படித்தால் யாரோ எழுதிய மாதிரி இருக்கிறது. நீ அனுப்பிய இலைகள்தான் உன்னைவிட அதிகம் பேசுகின்றன.

அத்தானுக்கு என் விசாரிப்பு. தலைவலிக்கு மருந்து சாப்பிடு.

சுண்டு


ஜூன் 13

சுண்டு,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. பிடுங்குவதை நிறுத்து. மிச்சம் இருப்பதை அப்படியே விட்டு வை. செடிமேல் தப்பில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று கேட்காதே, கொஞ்சம் பொறு. கம்பெனிக்கு மறுபடி எழுத முடியுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

தோன்றுகிறதாம். ஏழு வருஷம் மண்ணில் கிடந்தவளிடம், கண்ணாடிக் கடையில் இருக்கிறவளுக்கு ஏதோ தோன்றுகிறதாம். உன் சீட்டைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுக்க எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன். ஆனால் நீ சொன்னதற்காக, கடைசி வரிசையைப் பிடுங்காமல் விட்டேன். சின்ன வயசிலிருந்தே நீ 'நிறுத்து' என்றால் என் கை நின்றுவிடும்.

இன்று காலை ஒட்டுக்கட்டுகிற கொட்டகையைக் கூட்டினோம். சாக்கு அடுக்குக்குப் பின்னால், அடித்தட்டில் ஒரு கரிச்சட்டித் தொட்டி. மருந்து தெளிக்கிறவர் வேலை. வீட்டுக்காரிக்குக் கொடுக்கலாம் என்று மே மாதம் ஒன்றை நைசாக ஒளித்து வைத்தவர், அப்படியே மறந்திருக்கிறார். "தெரியாம எடுத்துட்டேன்" என்றார். "தெரிஞ்சுதான் எடுத்தீங்க, தெரியாம மறந்துட்டீங்க" என்று ஆரம்பித்தவள், செடியைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டேன்.

பச்சை. நரம்பில் சிவப்பு. உள்ளே ஓடி அட்டையைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். நீ மே மாதம் அனுப்பிய இலை எந்தக் கட்டத்தில் நின்றதோ, அதே கட்டம்.

அந்த மூலைக்கு வெயில் வரவே வராது. தகரத்து இடுக்கில் கசிகிற வெளிச்சம் மட்டும்தான். நான் பந்தல் நிழலில்தான் சோதித்திருந்தேன். இப்படி ஒரு இருட்டில் செடியை யார் வைப்பார்கள் என்று அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. என் செடிக்கு ஒரு கேடும் இல்லை அக்கா. சந்தோஷப்பட வேண்டியவள், கொட்டகை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் கிழக்குச் சுவர் ஓரத்தில் இது நடக்காது. மழை மூட்டத்தில் நடக்காது. உங்கள் வீட்டுக்குள் எந்த அறையிலும் நடக்காது, அந்த வீட்டில் எல்லா ஜன்னலும் எனக்குத் தெரியும்.

நீ எங்கே இருக்கிறாய்?

சுண்டு


ஜூலை 11

அன்புள்ள சுண்டுவுக்கு,

தலைவலி இல்லை. ஏப்ரலிலிருந்தே இல்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதைப் படிக்கும்போது உனக்கு உதவும்.

மார்ச் கடைசியில் வீட்டை விட்டு வந்துவிட்டேன். கடைக்குப் பின்னால் லென்ஸ் பெட்டிகள் அடுக்கியிருந்த அறையைக் கடைக்காரர் ஒழித்துக் கொடுத்தார். ஒரு ஜன்னல் உண்டு, கையை நீட்டினால் அடுத்த கட்டடத்துச் சுவர். பகலிலும் விளக்குப் போட வேண்டும். உன் ஐந்து தொட்டிகளும் அந்த ஜன்னல் கட்டையில்தான் இருக்கின்றன. ஒரு பெட்டியும் ஐந்து தொட்டியுமாக ஆட்டோவில் ஏறினேன். "செடி வியாபாரமாம்மா?" என்று கேட்டார் ஓட்டுகிறவர். ஆமாம் என்றேன்.

நாய் எதுவும் இல்லை. உன் மார்ச் கடிதம் வீட்டுக்கு வந்தது. அன்றைக்கும் சீட்டாட ஆட்கள் வந்திருந்தார்கள். கோளாறு கண்ணில் இல்லை என்று நீ எழுதியதை உன் அத்தான் உரக்கப் படித்ததும் அவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவருக்கு அது பொறுக்கவில்லை. எழுந்து போய் ஒரு செடியை வேரோடு பிடுங்கி வந்து மேஜையில் சீட்டுகளுக்கு நடுவில் போட்டார். மண்ணெல்லாம் சிதறியது. "இந்தாங்க, உங்க ஆட்டத்துக்கு ஒரு கறுப்புச் சீட்டு" என்றார். என்னைப் பார்த்து, "என்ன முறைக்கிற, சிரிடி" என்றார். கல்யாணம் ஆன நாளாக அவர் சிரி என்றால் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். என்னை அடித்ததும் உண்டு, அப்போதும் இருந்தேன். அன்றைக்கு மேஜையில் கிடந்தது உன் ஏழு வருஷம். என்னால் சிரிக்க முடியவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

உன்னிடம் சொன்னால் நீ போட்டது போட்டபடி கிளம்பி வந்து அவரோடு சண்டைக்கு நிற்பாய். ஆகஸ்ட் வரைக்கும் சமாளித்துவிட்டால் உன் தேர்வாளர் வந்து போய்விடுவார், அப்புறம் சொல்லலாம் என்று இருந்தேன். பிப்ரவரியிலேயே சில கறுப்பு இலைகளைப் பறித்துக் காயவைத்திருந்தேன். அதையே அனுப்பியிருக்கலாம், காய்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். கையில் எடுத்தேன். நிறத்தில் உனக்குப் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால் கடிதத்தில் பொய்யை எழுதி, இலையை மட்டும் நிஜமாக வைத்தேன். அந்த நிஜம்தான் உன் செடியைக் கொன்றுவிட்டது. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, பதில் எழுதாமல் மட்டும் இருக்காதே.

நான் உன்னோடு அங்கே வரமாட்டேன், கூப்பிடாதே. எனக்கு வேலை இருக்கிறது. என் அறைச் சாவி என் கையில் இருக்கிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. முட்டி எப்படி?

அக்கா


ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டியை விடு.

கம்பெனிக்கு மறுபடி எழுதினேன். வேறொருவருடைய மஞ்சள் இலைச் செடியை எடுத்துக்கொண்டுவிட்டார்களாம், இனி இரண்டு வருஷம் கழித்துத்தான் பார்ப்பார்களாம். பின்பாத்தியில் நேற்று ரோஜா நட்டாகிவிட்டது. நானே நட்டேன், எனக்குத்தானே சம்பளம். பம்ப் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் கேட்டிருக்கிறேன். முதலாளியம்மா இல்லை என்று சொல்லவில்லை, அவரிடம் அதுவே பெரிய விஷயம். மிச்சமிருந்த கடைசி வரிசை அங்கே போகும்.

நீ திட்டச் சொன்னாய். திட்டுகிறேன். நான் அத்தானோடு சண்டைக்கு வந்துவிடுவேன் என்று பயந்தாயாம். வந்திருப்பேன்தான். என் வாய்த்துடுக்கு எழுதியதற்கு நீ வீட்டில் பதில் சொல்லியிருக்கிறாய், எனக்கு அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆனால் எனக்கு ஆகஸ்ட்தான் முக்கியம் என்று நீயாக முடிவு செய்தாயே, அதை நான் மன்னிக்க மாட்டேன். அதே சமயம், மாதா மாதம் நானும் என்ன கேட்டேன்? வெயில் விழுகிறதா, தண்ணீர் ஊற்றினாயா, உரம் போட்டார்களா. எல்லாம் செடிக்கு. உன் தலைவலியைக் கடைசி வரியில் போகிற போக்கில் கேட்டேன். நீ வேறு என்ன எழுதியிருப்பாய்?

ஏழு வருஷம் போனது வலிக்கிறது. இல்லை என்று சொல்ல நான் பெரிய ஞானி இல்லை. பாத்தியைத் தாண்டிப் போகும்போது இப்போதும் கண் அந்தப் பக்கம் போகிறது. ஆனால் செடியை மறுபடி வளர்த்துவிடுவேன் அக்கா.

உன்னை அங்கிருந்து அழைத்துப்போக வரவில்லை. சாவி உன்னிடமே இருக்கட்டும். இரண்டு நாள் லீவு சொல்லியிருக்கிறேன், சனிக்கிழமை காலை கடை வாசலில் நிற்பேன். நாம் இருவருமாகத் தெருத் தெருவாக நடந்து ஒரு அறை பார்க்கப் போகிறோம். சின்னதாக இருக்கட்டும், மாடிப்படி ஏறவேண்டியிருந்தாலும் இருக்கட்டும், என் முட்டி திட்டினால் திட்டட்டும். நல்ல வெயில் விழுகிற ஜன்னல் மட்டும் வேண்டும். எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டால், செடிக்கு என்று வழக்கம்போல ஏதாவது சொல்லிவிடாதே. உனக்கு என்று சொல்.

சுண்டு